நாம் கேட்டலான் பேசினாலும் பார்சிலோனாக்காரர்கள் ஸ்பானிஷுக்கு மாறிவிடுவது ஏன்?

எனக்கும் நடந்திருக்கிறது. கேட்டலான் பார்சிலோனா பகுதியின் சொந்த மொழி, ஸ்பானிஷ் ஸ்பெயின் நாடு முழுவதற்கும் பொது மொழி. பார்சிலோனாவுக்குப் போன புதிதில், தெருமுனை ரொட்டிக்கடையில், முந்தின இரவே மனப்பாடம் செய்துவைத்த கேட்டலான் வாக்கியத்தைச் சொன்னேன்: "உனா பார்ரா தெ பா, சிஸ்ப்லாவ்", ஒரு ரொட்டி கொடுங்கள் என்று அர்த்தம். எனக்கு முன்னால் நின்றவரிடம் கேட்டலானில் அரட்டை அடித்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மா, என் முகத்தைப் பார்த்ததும் "அல்கோ மாஸ்?" (வேறு ஏதாவது?) என்று ஸ்பானிஷில் கேட்டார். வெறுப்பெல்லாம் இல்லை, எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார்.

இது ஏன் என்று காத்ரின் வூலார்ட் என்ற அமெரிக்க மானிடவியலாளரைப் படித்தபோதுதான் புரிந்தது. 1980இல் அவர் அங்கே மாணவர்களுக்கு ஒலிநாடா போட்டார். ஒரே பெண் ஒரே பத்தியைக் கேட்டலானிலும் ஸ்பானிஷிலும் வாசித்திருப்பார். இரண்டும் ஒரே ஆள் என்று சொல்லாமல், பேசுபவருக்கு மதிப்பெண் போடச் சொன்னார். கெட்டிக்காரர், விவரமானவர் என்ற வகையில் கேட்டலான் குரலுக்குத்தான் எல்லோரும் அதிகம் போட்டார்கள். சர்வாதிகாரி ஃபிராங்கோ ஸ்பெயினை ஆண்ட காலத்தில் பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட மொழிக்கு! அதைப் பேசியவர்கள் ஓரளவு வசதியானவர்கள். ஸ்பானிஷ் பேசியவர்களில் பெரும்பாலோர் ஸ்பெயினின் தெற்கிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள்.

ஆனால் "நம்ம ஆள்" என்ற ஒட்டுதலில் கதை வேறு. ஸ்பானிஷ் வீட்டுப் பெண் கேட்டலான் பேசினால் அவள் ஆட்களே மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். கேட்டலான்காரர்களோ அதற்காகக் கூட்டியும் போடவில்லை. அப்புறம் யார் வாய் திறப்பார்? வந்தவரிடம் ஸ்பானிஷில் பேசுவதுதான் மரியாதை என்று கேட்டலான்காரர்கள் பழகியிருந்தார்கள். அந்த மரியாதையே கதவை மூடியது என்பது என் கருத்து.

1983இல் மொழிச் சட்டம் வந்தது, பள்ளியில் கேட்டலான் வந்தது. 1987இல் வூலார்ட் மறுபடி சோதித்தபோது மதிப்பெண்ணைக் குறைக்கும் அந்தத் தண்டனை தளர்ந்திருந்தது. என்னை அதிகம் தொட்டது அடுத்த கட்டம்தான்: அப்போது பழகிய ஒரு வகுப்பு மாணவர்களை 20 ஆண்டு கழித்துத் தேடிப் பிடித்தார். பள்ளியில் கூச்சப்பட்டு ஒதுங்கிய சிலர் வேலை, குடும்பம் என்று ஆனபிறகு கேட்டலானைத் தங்கள் மொழியாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறப்பால் வரும் சொத்து என்ற நினைப்பு போய், யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆகிக்கொண்டிருந்தது.

நீங்கள் அங்கே போனால், அவர்கள் மாறினாலும் நீங்கள் மாறாதீர்கள். "எம் பொட் பர்லா அன் கத்தலா?" என்று கேளுங்கள், கேட்டலானில் பேசுவீர்களா என்று அர்த்தம். நான் கேட்டபோது அந்த அம்மா ரொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். பிறகு விலையை ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, கேட்டலானில் சொன்னார்.