ஒளிப்பதிவு அழகு, ஆள் யார்? திரைக்கதை கேள்வி பதில்

கேள்வி (ராயபுரம்): சார், என் படத்துல காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல விடியக்காலை எடுத்த ஷாட் எல்லாம் பிரமாதம்னு சொல்றாங்க. ஆனா யாருக்கும் ஹீரோ மேல ஒட்டுதல் வரல. ஏன்?

பதில்: காசிமேட்டில் சூரியன் கடலிலிருந்தே எழும். படகும் ஐஸும் மீன் செதிலும் தானாகவே மினுங்கும். ஆனால் மீன் ஏலத்தில் நிற்கும் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று எழுதினீர்களா? சாயங்காலம் வட்டிக்காரருக்கு 500 ரூபாய் தர வேண்டும். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறாள், நல்ல சிவப்பு. விலை கட்டாது, கீழே வைக்கிறாள். ஆனால் கை கூடையை விடவில்லை. இது தெரிந்தால் கேமராவை எங்கே வைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

ஹீரோவுக்கும் மூன்று வரி எழுதுங்கள்: இன்றைக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார், தவறினால் எதை இழப்பான். லொகேஷன் பார்க்கப் போகும் முன்பே எழுத வேண்டும். ‘மெட்ராஸ்’ (2014) படத்தில் ஒரு சுவரில் யார் படம் இருப்பது என்று இரண்டு அரசியல் தரப்பு மோதுகிறது. அதனால்தான் வெறும் சுவரைக் காட்டினாலே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கேள்வி (வியாசர்பாடி): ஸ்லோமோஷன் எவ்வளவு வைக்கலாம்ணா?

பதில்: நொடிக்கு 96 ஃப்ரேமில் (படச்சட்டத்தில்) எடுத்து 24-ல் ஓட்டினால் 5 நொடி நடை 20 நொடி ஆகும். 12 இடத்தில் வைத்தால் 4 நிமிடம் போச்சு. ஹீரோ ஒரு முடிவு எடுத்த பிறகு வரும் நடைக்கு மட்டும் வையுங்கள். முடிவெடுக்கும் நொடியில் நிழலுருவமும் வேண்டாம், அதில் அவன் கண் நமக்குத் தெரியாது.

கேள்வி (கொருக்குப்பேட்டை): ‘இன்னா நைனா’ன்னு பேசினா வடசென்னை ஆளு ஆயிடுமா?

பதில்: ஆகாது. அது ஊருக்கே பொதுவான பேச்சு. வசனத்தில் பெயர்களை மறைத்துவிட்டு உரக்கப் படியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியவில்லையா, எல்லோரும் ஒரே ஆள்தான். கேரம் ஆடுபவன் பதிலுக்கு முன் ஸ்ட்ரைக்கரை நகர்த்திப் பார்ப்பான். கடன்பட்டவன் கேட்பதற்கு முன்பே காரணம் சொல்வான்.

கேள்வி (திருவொற்றியூர்): ஹீரோயினுக்கு என்ன எழுதணும்?

பதில்: அதே மூன்று வரி. ஹீரோ இல்லாத ஒரு காட்சியாவது அவளுக்கு வேண்டும்.

கேள்வி (தண்டையார்பேட்டை): ஷூட்டிங் முடிஞ்சிருச்சு சார். எடிட்டிங்ல காப்பாத்த முடியுமா?

பதில்: கொஞ்சம் முடியும். மேலே சொன்ன மாதிரி 12 ஸ்லோமோஷன் இருந்து, அவற்றை இயல்பு வேகத்துக்குக் கொண்டுவந்தால் 3 நிமிடம் மிச்சமாகும். வெட்டிப்போட்ட முகபாவ ஷாட்களை அங்கே திரும்பச் சேருங்கள். முதுகு தெரியும் ஷாட்டில் டப்பிங்கில் ஒரு வரி நுழைக்கலாம், ஹீரோவுக்கு என்ன வேண்டும் என்று. முடிவெடுக்கும் காட்சியையே எடுக்கவில்லை என்றால் ஒரு நாள் ரீஷூட் போங்கள். ஒரு அறை, இரண்டு நடிகர்கள் போதும், ட்ரோன் வேண்டாம்.