சூனியக்காரி என்ற பழி

கேள்வி: சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களைக் கொன்றதெல்லாம் பழைய ஐரோப்பாவோடு முடிந்துவிட்டதா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: முடியவில்லை, அம்மா. அசாமிலும் ஜார்க்கண்டிலும் நம் காலத்திலேயே நடந்திருக்கிறது. ஊரில் காய்ச்சல் பரவும், மாடு சாகும். ஓஜா எனப்படும் மந்திரவாதி ஒரு பெண்ணைக் கைகாட்டுவார். பல சமயம் அவள் விதவை, கொஞ்சம் நிலமும் இருக்கும். அந்த நிலம் அப்புறம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள், விஷயம் விளங்கிவிடும்.

நான் மிகவும் மதிப்பவர் பிருபாலா ராபா. அசாமின் கோல்பாரா மாவட்டத்துக்காரர், அதிகம் படிக்காதவர். 1980களில் அவருடைய மகன் நோயில் விழுந்தபோது, மூன்று நாளில் செத்துவிடுவான் என்றார் உள்ளூர் மந்திரவாதி. பையன் பிழைத்துக்கொண்டான். அதன்பின் அந்த அம்மா மந்திரவாதிகளை நம்பவே இல்லை. ஊர் ஊராகப் போய், சூனியக்காரி என்று துரத்தப்பட்ட பெண்களுக்காக நின்றார். ஊர் அவரையே ஒதுக்கிவைத்தது, அப்போதும் விடவில்லை. 2015இல் அசாம் சட்டசபை இதற்கெனத் தனிச் சட்டம் நிறைவேற்றியது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஜார்க்கண்டில் இதே கொடுமைக்கு ஆளாகி மீண்டுவந்த சுட்னி மஹதோவுக்கும் அதே ஆண்டுதான். இவர்கள் இருவரையும் நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்பது என் ஆசை.