கருத்தரிப்பு ஊசி போடும் நாள்களில் ஓடலாமா?

கேள்வி: தித்திவங்சா ஏரியைச் சுற்றி நாள்தோறும் ஓடுவது என் வழக்கம். ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) சிகிச்சைக்கு ஊசி போடத் தொடங்கி 5 நாள்களாகின்றன. அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்கிறார் என் மாமியார். நான் என்ன செய்வது? – வாசகி, செந்தூல்

பதில்: அன்புச் சகோதரி, ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள், நடையை நிறுத்த வேண்டாம். இந்த ஊசிகளால் பல கருமுட்டைகள் ஒரே சமயத்தில் வளர்வதால் சினைப்பை வழக்கத்தைவிடப் பல மடங்கு பெருத்துக் கனத்துவிடுகிறது. அந்நிலையில் குதித்தாலோ, இடுப்பைச் சட்டென்று முறுக்கினாலோ, அது தன் காம்பிலேயே திருகிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபடக்கூடும். அரிதாகவே நேரும் என்றாலும், நேர்ந்துவிட்டால் அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும். ஆகவே ஸும்பா, பளு தூக்குதல், உடலை முறுக்கும் ஆசனங்கள், பத்துமலையின் 272 படிகளை மூச்சிரைக்க ஏறுவது ஆகியவற்றை, முட்டை எடுத்து வீக்கம் வடியும்வரை தள்ளிவையுங்கள். நேர்த்திக்கடன் இருந்தால் பிறகு செலுத்தலாம், முருகன் பொறுத்துக்கொள்வான்.

அதே ஏரிக்கரையில், வெயில் ஏறுமுன், துணைக்கு வருபவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் அரை மணி நேரம் நடங்கள். வயிறு உப்பி, கால்சட்டைப் பொத்தானைப் போட முடியாத நாளில் அதையும் குறையுங்கள்.

உங்கள் மாமியாரின் கவலை அன்பில் பிறந்தது. ஆனால், கருவைக் கருப்பையில் வைத்தபின்கூட நாள்கணக்கில் படுத்திருப்பது வெற்றி வாய்ப்பைக் கூட்டுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டியுள்ளன. நடப்பதால் கரு நழுவி விழுவதில்லை என்பதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல், ஓரிரு நாளில் எடை மளமளவென்று ஏறுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.