ஜீன் ரிப்போர்ட்டை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: பியூசி இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்குப் படபடப்பு, மறதி. டாக்டர் ஃபுளுவாக்ஸெட்டின் என்ற மனநல மாத்திரை கொடுக்கிறார். அபார்ட்மென்ட் கேம்ப்பில் எச்சில் எடுத்து ஜீன் டெஸ்ட் செய்தார்கள். 'பதற்ற ஜீன் இருக்கிறது, இந்த மாத்திரை கேட்காது, எலிகளில் நிரூபணமானது' என்கிறது ரிப்போர்ட். நிறுத்திவிடலாமா? (ஒரு தாய், அல்சூர், பெங்களூரு)

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. எதுவானாலும் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசுங்கள்.

அந்த எலி ஆய்வு நிஜம்தான், 2006-இல் வந்தது. பி.டி.என்.எஃப் என்பது மூளை நரம்புகள் வளரவும் இணையவும் உதவும் புரதம். அதன் ஜீனில் மனிதர்களிடம் காணப்படும் ஒரு சிறு மாற்றத்தை எலிக்குள் புகுத்தினார்கள். தாய்வழி, தந்தைவழி இரண்டு பிரதியும் மாறிய எலிகளின் நரம்புகள், தேவைப்படும் நேரத்தில் அந்தப் புரதத்தை ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாகச் சுரந்தன. அவை திறந்த வெளிக்கு வர அஞ்சின. ஷாக் வாங்கிய இடத்தைச் சரியாக நினைவில் வைக்கவில்லை. ஃபுளுவாக்ஸெட்டின் கொடுத்தும் பயம் தணியவில்லை. இந்தக் கடைசி வரிக்குத்தான் உங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

ஒரே வம்சம், ஒரே தீனி, ஒரே கூண்டு என்று வளர்ந்த எலியிடம் ஒற்றை ஜீனின் வேலை பளிச்சென்று தெரியும். மனிதர்களிடம் தெரிவதில்லை. மனச்சோர்வோடு சேர்த்துப் பேசப்பட்ட 18 ஜீன்களை, பி.டி.என்.எஃப் உட்பட, 2019-இல் லட்சக்கணக்கானோரின் தரவில் சோதித்தார்கள். ஏதோ கைக்கு வந்த ஜீன்களைவிட அவை ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் சி.ஒய்.பி. 2டி6, 2சி19 ஜீன்களுக்கான டெஸ்ட் வேறு ரகம். சிலர் உடம்பில் மருந்து தேங்கும், சிலருக்குச் சீக்கிரம் கரைந்துபோகும். குறைந்த டோஸிலேயே கடும் பக்கவிளைவு வந்தாலோ, இரண்டு மூன்று மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனாலோ டாக்டரே இதைக் கேட்கலாம். அப்போதும் அது டோஸுக்கும் மருந்துத் தேர்வுக்கும்தான் உதவும். பதற்றம் ஏன் வந்தது என்று சொல்லாது. 'பதற்ற ஜீன்' டெஸ்ட்டையும் இந்த டெஸ்ட்டையும் ஒரே பேக்கேஜாகக் கட்டி விற்பது கேம்ப்காரர்களின் வழக்கமான வேலை.

வெள்ளைக் கோட் போட்டவரெல்லாம் டாக்டர் இல்லை. கமிஷன் ஏஜென்ட்டுக்கும் கோட் கிடைக்கும். ரிப்போர்ட்டோடு 'மெமரி சப்ளிமென்ட்' நீட்டினால் கதவைச் சாத்துங்கள். மகளின் ஜீன் தகவல் யார் யாருக்குப் போகும் என்று எழுத்தில் கேளுங்கள், அழிக்கவும் சொல்லுங்கள். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், ஓபி வரிசையில் நிற்கத் தெம்பில்லாதவர்கள் இவர்களிடம்தான் போய் விழுகிறார்கள். அதைக் கேட்க நாதியில்லை.

மாத்திரையின் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஆரம்ப வாரங்களில் மகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நடு இரவானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.