சிப் எந்திரம், சோலார் எந்திரம்: பங்கு வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: செமிகண்டக்டர், சோலார் இரண்டுக்கும் உற்பத்தி எந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் முதலீடு செய்ய எண்ணுகிறேன். இரண்டையும் ஒரே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா? ஆண்டறிக்கையில் எதைக் கவனிப்பது?

பதில்: ஒரே தொழிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டிலும் சிலிக்கான்தான். உலை, படலம் படியவைக்கும் எந்திரம் என்று கருவிகளும் ஒன்றுபோலத் தெரியும். வாங்குபவருடைய கணக்குதான் வேறு. சிப் ஆலைக்கு நானோமீட்டர் துல்லியம் வேண்டும். அது கிடைக்குமானால் பெருந்தொகை கொடுக்கவும் தயங்காது. 13.5 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் இயுவி எந்திரத்தை (அதிதீவிரப் புற ஊதா ஒளியால் சிப்பில் மிக நுண்ணிய வடிவங்களைப் பதிப்பது) விற்பது உலகில் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஒன்றுதான். சோலார் ஆலைக்கோ ஒரு வாட்டுக்கு ஆகும் செலவு குறைய வேண்டும். அதே வேலையை மலிவாகச் செய்யும் எந்திரம் வந்துவிட்டால் ஆர்டர் அங்கே போய்விடும்.

பெரிய நிறுவனங்களே இதில் கையைச் சுட்டுக்கொண்டன. அமெரிக்க சிப் எந்திர நிறுவனமான அப்ளைடு மெட்டீரியல்ஸ் 'சன்ஃபேப்' என்ற மெல்லிய படல சோலார் ஆலையை மொத்தமாக வடிவமைத்து விற்றது. சிலிக்கான் விலை சரிந்து, போட்டியாக இருந்த படிக சிலிக்கான் பேனல்கள் மலிவானதும், 2010இல் புதிய வாடிக்கையாளர்களுக்கு அதை விற்பதை நிறுத்தியது. ஜப்பானின் சிப் எந்திர நிறுவனமான டோக்கியோ எலக்ட்ரான் 2012இல் சோலார் எந்திரங்கள் செய்த ஓர்லிகான் சோலாரை வாங்கியது, 2014இல் அத்தொழிலை விட்டே வெளியேறியது. சுவிட்சர்லாந்தின் சோலார் எந்திர நிறுவனமான மேயர் பர்கர் 2020இல் எந்திர விற்பனையை விட்டுத் தானே செல், பேனல் செய்ய இறங்கி, 2025இல் திவாலானது.

எனவே முதலில் வருமானம் பிரிவுவாரியாகத் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, உதிரிபாகம், பராமரிப்பு மூலம் வரும் பங்கு. புதிய ஆலைகள் நின்றுபோன ஆண்டிலும் ஓடிக்கொண்டிருக்கும் எந்திரங்களுக்குப் பாகங்கள் வேண்டும். சிப் எந்திர நிறுவனங்களை மந்தநிலையில் தாங்கிப்பிடிப்பது பெரும்பாலும் இந்தப் பணம்தான்.

ஆர்டர் புத்தகத்தின், அதாவது கையில் இருக்கும் இன்னும் முடிக்காத ஆர்டர்களின், மொத்தத் தொகையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சோலாரில் மந்தம் வந்தால் ஆர்டர்கள் தள்ளிப்போகும், ரத்தாகும். அந்த ஆர்டர்களுக்கு வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைப் பாருங்கள். எந்திரத்தை அனுப்பிய பிறகும் வாடிக்கையாளர் ஓட்டிப்பார்த்து ஏற்றுக்கொள்ளும் வரை பணத்தின் ஒரு பகுதி நிலுவையில் நிற்பது வழக்கம். சரக்குக் கையிருப்பும் வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய பாக்கியும் விற்பனையைவிட வேகமாக வளர்ந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

சிப் பிரிவில் இன்னொரு கேள்வி: சீனாவில் விற்பனை எவ்வளவு? 2022 அக்டோபரில் அமெரிக்கா விதித்த ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்குப் பிறகு அந்த வருமானத்தை நிலையானதாகக் கொள்ள முடியாது.

பிரிவுவாரிக் கணக்கு இல்லையென்றால் நிறுவனத்தின் முதலீட்டாளர் தொடர்புப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை பணத்தைப் போடாதீர்கள்.