ராவாகக் குடித்துப் பழகினால் எரிச்சல் போய்விடுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 38. வேலை மாற்றலாகி, அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் குடும்பத்துடன் இருக்கிறேன். ஊரில் இருந்தவரை எப்போதாவது விஸ்கியில் சோடா கலந்து குடிப்பேன். இங்கே நண்பர்கள் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியை எதுவும் கலக்காமல் ராவாகத்தான் குடிக்கிறார்கள். கோக் ஊற்றினால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நானும் சில மாதங்களாக முயல்கிறேன். தொண்டை எரிவதுதான் தெரிகிறது, ருசி தெரியவில்லை. “குடிக்கக் குடிக்கப் பழகிவிடும்” என்கிறார்கள். குடித்த இரவில் நெஞ்செரிச்சல் வருகிறது, காலையில் வாய் புளிக்கிறது. ராவாகக் குடிப்பது கூடுதல் கெடுதலா? ரசித்துக் குடிக்கப் பழக முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு எரிச்சல்கள் இருக்கின்றன. தொண்டையில் எரிவது வேறு, இரவில் நெஞ்சில் எரிவது வேறு. இரண்டாவதுதான் எனக்குக் கவலை தருகிறது. அதனால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. ஆல்கஹால் அதைத் தளர்த்திவிடும். அப்போது இரைப்பையில் இருக்கும் அமிலம் மேலே ஏறுகிறது. படுத்ததும் இன்னும் எளிதாக ஏறும். காலையில் வாய் புளிப்பது அதனால்தான். இதற்குப் பழக்கம் மருந்தாகாது. அமிலம் திரும்பத் திரும்பப் பட்டால் உணவுக்குழாயின் உட்சுவர் புண்ணாகும். ஒரு மாதம் மதுவை முழுக்க நிறுத்துங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். படுக்கையின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். அமிலத்தை அடக்கும் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு குடிக்க உட்காருவது பலரிடமும் இருக்கும் பழக்கம். அது எரிச்சலைத்தான் மறைக்கும், ஆல்கஹால் செய்வதைத் தடுக்காது.

சரி, தொண்டை எரிச்சலுக்கு வருவோம். மிளகாய்க் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பிதான் இதையும் உணர்கிறது. சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு பட்டால்தான் அது மூளைக்குச் சேதி அனுப்பும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. நம் உடம்புச் சூடோ 37 டிகிரி. ஆக, உங்கள் வாயின் சொந்தச் சூடே உங்களுக்குச் சுடுகிறது. இது எல்லோருக்கும் நடப்பது, உங்களுடைய குறை அல்ல. நண்பர்கள் சொல்வதுபோல நாளாக ஆக இந்த உணர்வு ஓரளவு மங்கும். ஆனால் நாக்குக்குப் பழகியது ஈரலுக்கும் பழகிவிட்டது என்று நினைக்காதீர்கள். “இப்போதெல்லாம் எனக்கு ஏறுவதே இல்லை டாக்டர்” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அவருக்கு ஈரல் பரிசோதனை எழுதிக் கொடுப்பதுதான் என் வழக்கம்.

ராவாகக் குடிப்பது கூடுதல் கெடுதலா என்றால், ஈரலைப் பொறுத்தவரை குடிக்கும் ஆல்கஹாலின் மொத்த அளவுதான் கணக்கு. கலந்தாலும் கலக்காவிட்டாலும் அது மாறாது. 355 மில்லி கோக் கேன் ஒன்றில் 39 கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதால் அந்தக் கலவையையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் வாய், தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை ஆகியவற்றின் மென்மையான உட்சுவருக்கு அடர்த்தியான ஆல்கஹால் அதிகம் உறுத்தலானது. அதுவும் வெறும் வயிற்றில் என்றால் கேட்கவே வேண்டாம்.

போர்பனில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும். அமெரிக்கச் சட்டப்படி அதற்கான தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும், பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று போட்டிருந்தால் 50 சதவீதம். அந்த முத்திரைக்கான சட்டம் 1897-இல் வந்தது. பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே அடைக்கும் ‘பேரல் ப்ரூஃப்’ வகைகள் 60 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. லேபிளில் ப்ரூஃப் என்று இருக்கும் எண்ணைப் பாதியாக்கினால் சதவீதம் கிடைக்கும். நண்பர்கள் எந்தப் பாட்டிலை நீட்டுகிறார்கள் என்று இனி பாருங்கள். பழகாதவருக்கு 60 சதவீதச் சரக்கில் எரிச்சலைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போவது இயல்புதான்.

ஒரு மாதம் கழித்து நெஞ்செரிச்சல் அடங்கியிருந்து, அப்போதும் விருப்பம் இருந்தால், 40 முதல் 45 சதவீதத்துக்குள் எடுங்கள். முதலில் சாப்பிட்டுவிடுங்கள். கிளாஸுக்குள் மூக்கை நுழைக்காமல், சற்றுத் தள்ளிப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். வெனிலா, கருகிய சர்க்கரை வாசனை எல்லாம் அந்தக் கருக்கிய மரத்திலிருந்து வருபவை. போர்பனின் ருசியில் பெரும்பங்கு மூக்கில்தான் இருக்கிறது, அதற்கு ஒரு சொட்டும் விழுங்க வேண்டியதில்லை. பிறகு நாக்கு நனையும் அளவுக்கு மட்டும் ஒரு மிடறு. அது எரியும், விட்டுவிடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து அடுத்த மிடறு எடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ருசி பிரியும். அப்படியும் கடுமையாக இருந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் விட்டால் வாசனை இன்னும் நன்றாக எழும். கென்டக்கியில் இதைத் தொழிலாகச் செய்கிறவர்களே தண்ணீர் விட்டுத்தான் ருசி பார்க்கிறார்கள், அதனால் வெட்கப்பட வேண்டாம். ‘கல்ப்’பாக அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கூடவே சுருட்டு பிடிக்கும் வழக்கம் அங்கே உண்டு. அதையும் தொடாதீர்கள். மதுவும் புகையிலையும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறும்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கணக்கில் ஒரு ‘டிரிங்க்’ என்பது 14 கிராம் ஆல்கஹால், அதாவது 40 சதவீதச் சரக்கில் சுமார் 44 மில்லி. நம் ஊர் லார்ஜ் பெக் போல 60 மில்லி ஊற்றினால், 45 சதவீதத்தில் அது ஒன்றரை டிரிங்க், 62 சதவீதத்தில் இரண்டைத் தாண்டும். கிளாஸைப் பார்த்தால் எல்லாம் ஒரே அளவாகத்தான் தெரியும். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. குடிக்காத ஒருவர் என்னிடம் கேட்டிருந்தால் ஆரம்பிக்காதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு என் கோரிக்கை: வாரத்தில் ஒரு நாள், அளந்து ஊற்றிய ஒரு 45 மில்லி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு ஒல்லியாக இருந்தாலும் ஈரலில் கொழுப்பு படிவது சகஜம் என்பதால், இந்த ஒரு மாதத்துக்குள் ஈரல் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். முடிவு சரியில்லை என்றால் அந்த 45 மில்லியும் வேண்டாம்.

அப்புறம், மறுநாள் தலைவலிக்கு அங்கே கடைகளில் கிடைக்கும் டைலினாலையோ ஐபுப்ரொஃபெனையோ யோசிக்காமல் போட்டுவிடாதீர்கள். முன்னது பாரசிட்டமால், அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். பின்னது இரைப்பையைப் புண்ணாக்கும். தூக்க மாத்திரையும் மதுவும் ஒரே இரவில் சேரவே கூடாது.

நிறுத்திய பிறகும் நெஞ்செரிச்சல் தொடர்ந்தால் இரைப்பை, குடல் நிபுணரைப் பார்த்து எண்டோஸ்கோபி தேவையா என்று கேளுங்கள். விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமின்றி எடை குறைவது ஆகியவை தென்பட்டால் மாதக் கணக்குப் பார்க்காமல் உடனே நேரம் வாங்கிச் செல்லுங்கள். மலம் தார்போலக் கறுப்பாகப் போனாலோ வாந்தியில் ரத்தம் வந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.