கேளுங்க டீச்சர்: பட்டாசுக் கட்டுரையில ஏன் யாருமே சண்டை போட மாட்டேங்கிறாங்க?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்குறேன். 'பட்டாசு வாங்கலாமா, கூடாதா'ன்னு வாதக் கட்டுரை எழுதச் சொன்னா மொத்த கிளாஸும் 'சுற்றுச்சூழலைக் காப்போம்'னு ஒரே மாதிரி எழுதிக் குடுக்குது. அதுல பாதிப் பேரு தீபாவளிக்கு வெடிச்சவங்கதான்! என்ன பண்றது?
- ஆசிரியை, மதுரை

பதில்: பிள்ளைங்கள விடுங்க, தலைப்பை மாத்துங்க டீச்சர். 'கூடாது'ன்னு எழுதுனாதான் மார்க்னு அதுங்களுக்கு நல்லாவே தெரியும், அப்புறம் எதுக்கு மண்டைய உடைச்சுக்கணும்? கடையில பெட்டிய கையில வச்சுக்கிட்டு நிக்கிற ஆளு வாங்குறதா வேணாமான்னு முடிவு பண்ற அளவுக்குத் தலைப்பைச் சுருக்குங்க. 'தயாரிச்ச ஆலை பேரு இல்லாத பெட்டிய பாதி விலைக்குக் கெடச்சாலும் வாங்கக் கூடாது'ன்னு வச்சுப் பாருங்க, எதிர்த்துப் பேச அவங்கவங்க அப்பாவே வருவாரு.

அடுத்தது, பிள்ளைங்க எழுதுறதுல ரெண்டு வரிக்கு நடுவுல இருக்குற ஓட்டைய காட்டணும். 'பட்டாசுத் தொழிலாளர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். எனவே பட்டாசு வாங்கக் கூடாது.' முதல் வரி உண்மைதான், 2012 செப்டம்பர்ல சிவகாசி பக்கம் முதலிப்பட்டி ஆலை வெடிச்சு கிட்டத்தட்ட 40 பேரு செத்தாங்க. ஆனா அந்த 'எனவே' எங்கேருந்து வந்துச்சு? நாம வாங்கலன்னா அந்தத் தொழிலாளி மறுநாள் எங்க போவாருன்னு போர்டுல எழுதிப் போட்டுட்டு சும்மா உக்காந்துருங்க.

பிள்ளைங்க பதில் சொல்லத் திணறுனா பங்களாதேஷ் கதையச் சொல்லுங்க. 90கள்ல, குழந்தைங்க தச்ச துணிய இறக்குமதி பண்ணக் கூடாதுன்னு அமெரிக்காவுல செனட்டர் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டு வந்தாரு. அது கடைசி வரைக்கும் சட்டமாவே ஆகல, ஆனா பயத்துலயே அங்க இருந்த கார்மென்ட்ஸ் கம்பெனிங்க பிள்ளைங்கள வெளிய அனுப்பிட்டாங்க, சுமார் 50,000 பேருன்னு 1997 யுனிசெஃப் அறிக்கை சொல்லுது, அதுல சிலதுங்க கல்லு உடைக்கப் போச்சுங்க. அதுக்காக 'புறக்கணிப்பே தப்பு'ன்னு எழுத விட்டுறாதீங்க, அதுவும் சோம்பேறித்தனம்தான். வாங்குறத நிறுத்துறதோட வேற என்ன நடந்திருந்தா அந்தப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போயிருக்கும்? அந்தக் கேள்வியில இருந்துதான் நல்ல பாரா வரும். பட்டாசு விஷயத்துல 1996லயே சுப்ரீம் கோர்ட் அப்படி ஒரு வழி காட்டுச்சு. வேலைக்கு வச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய்னு முதலாளி கட்டணும், அந்தப் பணத்த நிதியாப் போட்டுப் பிள்ளையப் படிக்க வைக்கணும்னு.

எதிர்த்தரப்பு பாராவ மட்டும் முதல்ல எழுதச் சொல்லுங்க, அந்தத் தரப்பு ஆளு படிச்சா 'கரெக்டாதான் சொல்லிருக்கான்'னு தலையாட்டணும். இது ஒண்ணும் வெளியூர்ச் சரக்கு இல்ல, நன்னூல்ல எழுவகை மதம், அதாவது ஒரு கருத்தை எதிர்கொள்ற ஏழு விதக் கொள்கை, சொல்றப்ப 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே'ன்னு வருதே அதுதான். அடுத்தவன் கருத்த முதல்ல ஏத்துக்கிட்டு அப்புறம் களையணும். நம்ம பட்டிமன்றத்துல முதல் பாதியவே விட்டுட்டு நேரா களையெடுப்புக்குப் போயிடுறாங்க, கைதட்டு வருதுல்ல!

கேள்வி: சாத்தூர் பக்கம் வேலை பார்க்குறேன். என் பிள்ளைங்க வீட்டுல யாராவது ஒருத்தர் பட்டாசு வேலைக்குப் போறாங்க. நான் இந்தத் தலைப்பைக் குடுக்கலாமா?
- தமிழாசிரியர்

பதில்: குடுங்க சார், ஆனா 'உங்க வீட்டைப் பத்தி எழுது'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வீட்டுல கருந்திரி, அதான் பட்டாசுக்கு வைக்கிற மருந்துத் திரி, திரிக்கிறது சட்டவிரோதம், அத ஒரு பிள்ளை நோட்டுல எழுதிக் குடுத்தா மாட்டுறது அதோட அம்மாதான். அதுக்குப் பதிலா பெட்டிய கொண்டாரச் சொல்லுங்க, காலிப் பெட்டி. பசுமைப் பட்டாசு முத்திரையும் க்யூஆர் கோடும் இருக்கும். நீரிங்கிற மத்திய அரசு சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் உருவாக்குன அந்த வகையில புகைத்துகள் சுமார் 30 சதவீதம் குறையும். சரி, வெடிமருந்து செலுத்துனது யாரு, லைசென்ஸ் வாங்குனவரே நடத்துறாரா இல்ல உள்குத்தகைக்கு விட்டுட்டாரா, ஒரு அறையில எத்தன பேர உக்கார வச்சாங்கன்னு அந்த முத்திரை சொல்லுமா? சொல்லாது. சென்னையில வாங்குறவருக்குப் புகை மட்டும்தான் தெரியுது, உங்க பிள்ளைங்களுக்கு அந்த அறையே தெரியும். 'இந்தப் பெட்டியில இன்னொரு வரி அச்சடிக்கணும்னா அது என்ன, ஏன்?'னு கேளுங்க, முதலாளி என்ன மறுப்பு சொல்வாருன்னும் எழுதச் சொல்லுங்க.

கேள்வி: 'வாங்கலாம்'னு எழுதுன பையனுக்கு முழு மார்க் போட்டா ஹெச்.எம். கோச்சுக்க மாட்டாரா?
- அதே மதுரை ஆசிரியை

பதில்: கோச்சுப்பாரு. அவரையே எதிர்த்தரப்பா வச்சு அடுத்த கட்டுரையக் குடுத்துருங்க.